ஒரே சுவிட்ச்

குளியலறை நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான்கு வயது வாண்டு ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் துண்டும் பிரஷ்ஷுமாக நின்ற அப்பாவுக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அவர் எலக்ட்ரீஷியன். எட்டு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் இரண்டு மாத வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக மேஸ்திரி சொல்லியிருந்தார். மனைவி ஆஸ்பத்திரியில் காலை ஷிப்டுக்குப் போய்விட்டாள். இந்த வீட்டுக்கு வந்த ஒன்றரை மாதமாக இதே கூத்து. பல் தேய்க்க மாட்டாள், குளிக்க மாட்டாள். பழைய வீட்டில் தண்ணீரை விட்டு எழுந்திருக்கவே அடம்பிடித்த பிள்ளை! நேற்றுக் காலை முதல்முறையாக முதுகில் ஒன்று வைத்துவிட்டார். மாலையில் சாமி முன்னால் நின்று, இனி கை ஓங்குவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் கை இப்போது மறுபடி துறுதுறுத்தது.

"உள்ள என்னடி இருக்கு, புலியா?"

"கத்துதுப்பா!"

"நீதான் கத்துற. வேற யாரு கத்துறா?"

"அது!" என்று மேலே காட்டினாள்.

எக்ஸாஸ்ட் ஃபேன். சுவரில் ஈரம் இறங்கக் கூடாது, போடுவதற்கு யாரும் மறக்கவும் கூடாது என்று, விளக்கோடு சேர்த்து ஒரே சுவிட்சில் அவரே இணைத்தது. வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டது.

"இதெல்லாம் ஒரு சத்தமா?"

"உன் காது தூங்குது."

அவருக்குச் சுருக்கென்றது. பதினைந்து வருடம் டிரில் மெஷினோடு மாரடித்த காது. டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி மனைவி தினமும் திட்டுகிறாள். சுவிட்சை அணைத்தார்.

அழுகை பாதியில் நின்றது. அவர் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு, மங்கலான அறைக்குள் அவள் தானே நடந்துபோய்ப் பல் தேய்க்க ஆரம்பித்தாள்.

ஃபோன் அடித்தது.

"எங்கய்யா இருக்க?" மேஸ்திரிதான்.

"வீட்லதாண்ணே. பத்து நிமிஷம்..."

"இந்தப் பத்து நிமிஷத்த நான் ரிங்டோனா வச்சுக்கணும்போல. வேற ஆள் வந்துட்டான். நீ பொறுமையா வா!"

போச்சு. ஆத்திரம் தலைக்கேறியது. யார்மேல் காட்டுவது? மெயினை அணைத்து, சுவிட்ச் பெட்டியைக் கழற்றி, ஃபேன் ஒயரைப் பிரித்தெடுத்தார். ஐந்து நிமிட வேலை. ஒன்றரை மாதத்தில் ஒருநாள் ஏன் என்று கேட்டிருக்கலாம்.

விளக்கைப் போட்டதும் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். மேலே பார்த்தாள். காத்திருந்தாள். மெல்லக் கையை இறக்கினாள்.

"செத்துப்போச்சா?"

"இல்லடா கண்ணு. தனி சுவிட்ச் போட்டுடறேன். நீ குளிச்சு வெளிய வந்தப்புறம் ஓடட்டும்."

"நேத்து அடிச்சியே?"

"அடிச்சேன். தப்புதான்."

வாயில் நுரையோடு கொஞ்சம் யோசித்தாள். "சரி, தண்ணி ஊத்து. சூடா ஊத்தாத."

மேஸ்திரி மேலிருந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. ஆனாலும் முழங்கையில் தொட்டு, சூடு சரிதானா என்று பார்த்த பிறகுதான் முதல் சொம்பை ஊற்றினார்.