கண்ணாடியில் தெரிந்த பேச்சு

...இன்னும் ஒரு விரற்கடை வெட்டலாம், அதற்கு மேல் போனால் இந்த வங்கிக்காரர் மனைவி வீட்டுக்குப் போய் அழுவாள், போன தடவையும் "கொஞ்சமா, கொஞ்சமா" என்று தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள், காது கேட்காதவளிடம் கத்தி என்ன பிரயோஜனம், எச்சில் தெறித்ததுதான் மிச்சம்... சின்ன வயதில் வந்த காய்ச்சல் காதை மட்டும்தான் கொண்டுபோனது, உதட்டைப் பார்த்தால் எனக்கு எல்லாம் புரியும், இந்த ஊருக்குத்தான் அது புரியவில்லை, தெருவில் போனால் டமாரம் என்கிறார்கள், அம்மாவை நிறுத்தி வைத்து உச்சுக் கொட்டுகிறார்கள், என்னைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் ரொம்ப நாசூக்காக முதுகைத் திருப்பிக்கொள்கிறார்கள். இந்த அழகு நிலையத்துக்குள் வந்தும் அதே நாசூக்கு, நான் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறேன், வாய் தெரியாது என்று நினைப்பு, எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி இருப்பது ஒருத்திக்கும் உறைப்பதில்லை. பக்கத்தில் துண்டு மடித்துக்கொண்டிருக்கும் முதலாளி அக்காவிடம் இவள் சொல்வது பளிச்சென்று தெரிகிறது.

"பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுசா திறக்கிற கடையை இவகிட்டயா விடப் போறீங்க? வர்றவங்க கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டாளே, பாவம்... ஒரு ஓரமா முடி பெருக்க விடுங்க."

கத்தரிக்கோல் நின்றுவிட்டது. நீதான் பார்த்துக்கணும் என்று சொன்னதே அக்காதானே, ஆள் வருவது தெரிகிற மாதிரி கண்ணாடியை எங்கே மாட்டலாம் என்று இருவரும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தோமே, அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாளே... சொல்லு அக்கா, அவ வெட்டினாத்தான் பிடிக்கும்னு நீங்களே அவளைத் தேடித்தானே வர்றீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு. கண்ணாடியில் அக்காவைப் பார்க்கிறேன். அவளும் என்னைப் பார்க்கிறாள். கையிலிருந்த துண்டை, மூக்கைத் துடைப்பதுபோல, வாய்வரை தூக்குகிறாள், அதற்குப் பின்னால் தாடை அசைகிறது, வங்கிக்காரர் மனைவி தலையை ஆட்டுகிறாள்... சரி என்றா, அப்படியா என்றா? எனக்காகப் பரிந்து பேசியிருந்தால் துண்டு எதற்கு? இத்தனை பேர் முதுகைக் காட்டி ஏமாந்தார்கள், எதை மூட வேண்டும் என்று தெரிந்துவைத்திருப்பவள் என்னோடு பழகிய அக்கா ஒருத்திதான். துண்டை அடுக்கிவிட்டு அவள் என் தோளைத் தொட்டாள், நேருக்கு நேராக நின்றாள், "டீ சொல்லட்டுமா?" என்று கேட்டாள். ஓர் எழுத்துகூடத் தவறாமல் தெரிந்தது.