சூட்டில் வைத்த டேப்பெட்

மெக்கானிக்குக் கை சுத்தம், வாய்தான் அசுத்தம் என்று தெருவில் பேர். பெத்த தகப்பனே வந்து வண்டியை நிறுத்தினாலும், "டேப்பெட் வேலையா? சாவியக் குடுத்துட்டுப் போ. எஞ்சின் நல்லா ஆறட்டும், நாளைக்கு வா" என்பார். சூட்டில் எஞ்சின் உடம்பு உப்பும். டேப்பெட் வேலையில் சரிசெய்ய வேண்டிய, வால்வின் தலைமாட்டில் இருக்கும் இடைவெளி, உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அந்தக் கணக்கை நம்பித் திருகினால், ஆறியபின் எல்லாம் சுருங்கி, இடைவெளியே இல்லாமல் போகும். மனுஷன் மட்டும்தான் பொய் சொல்லுவான் என்று நினைக்கிறவன் எஞ்சினைத் தொடாமல் இருப்பது நல்லது.

அந்தச் சட்டத்தை ஒரே ஒரு தடவை மீறினார். தங்கச்சி புருஷனுக்காக.

இருபது நாள் முன்னால் மாப்பிள்ளை வண்டியை விட்டு இறங்காமலே சொன்னான்: "மச்சான், ஒரே டிக் டிக். நான் ராத்திரி வேலை முடிஞ்சு வீட்டுக்குள்ள வர்றதுக்குள்ள உங்க தங்கச்சி முழிச்சிக்கிறா. அப்புறம் மூச்சு வாங்குது, தூக்கமே இல்ல. சத்தமில்லாம பண்ணிக் குடுங்க."

"டேப்பெட் கொஞ்சம் பேசத்தான் செய்யும் மாப்ள. பேசாததுதான் ஆபத்து. விட்டுட்டுப் போ."

"எப்படி விட்டுட்டுப் போறது? அவளுக்கு எப்ப மூச்சு முட்டும்னு தெரியாது. வண்டி எப்பவும் வாசல்ல நிக்கணும்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. நம்ம வீட்டு வண்டிதானே, ஒரு தடவைதானே என்று, கொதிக்கிற எஞ்சினிலேயே மூடியைக் கழற்றி, இடைவெளி அளக்கும் தகடுகளில் இருப்பதிலேயே மெல்லிய தகட்டை விட்டுப் பார்த்து, நட்டை இறுக்கிவிட்டார். சத்தம் நின்றது. "பூனை மாதிரி போகுது மச்சான்" என்று மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே போனான்.

மறுநாள் விடியற்காலையில் தங்கச்சிக்கு மூச்சு முட்டியது. மாப்பிள்ளை நாற்பது உதை உதைத்தான். வண்டி இருமக்கூட இல்லை. பக்கத்து வீட்டு வேன்காரனை எழுப்பிக் கூட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதட்டத்தில் சோக்கைப் போட்டுப் பெட்ரோலை நிறைத்து, தானே வண்டியை அடைத்துவிட்டதாக மாப்பிள்ளை நம்பினான். அவன் மகளும் அப்படியே நம்பினாள். "ஒரு வண்டிய ஸ்டார்ட் பண்ணத் தெரியல உங்களுக்கு" என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டு, மாமன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து அப்பனோடு பேச்சு இல்லை.

தான் சூட்டில் வைத்ததுதான் காரணமோ என்று மெக்கானிக்குக்கு முதல் நாளே தோன்றியது. ஆனால் திறந்து பார்க்காதவரை சந்தேகம் வெறும் சந்தேகம்தானே. மருமகளான அந்தத் தங்கச்சி மகள் போட்ட சோற்றை இருபது நாளும் குனிந்த தலை நிமிராமல் தின்றார்.

இன்று மாப்பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்கு வந்தான். தாடி மண்டியிருந்தது.

"திறங்க மச்சான். எதனால ஸ்டார்ட் ஆகலன்னு எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற? போட்டுட்டுப் போ, ஆறட்டும்."

"இருபது நாளா ஆறிக் கிடக்கு. இன்னும் என்ன ஆறணும்?"

 மெக்கானிக் உதைக்கும் கிக்கரைக் கையால் அழுத்தினார். எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று இறங்கியது. அப்போதே புரிந்துவிட்டது. காற்றை அடைத்து வைக்க வேண்டிய வால்வு வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. மூடியைக் கழற்றி, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, வால்வை அழுத்தும் சுத்தியைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. அந்த மெல்லிய தகட்டை எடுத்து வைத்தார். நுழையவில்லை.

"கார்புரேட்டர்தானே?" என்றான் மாப்பிள்ளை. "நான் அடைச்சதுதானே?"

ஆமாம் என்றால் போதும். ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தினால் சாட்சியும் போய்விடும். ஸ்க்ரூ டிரைவர் கையில்தான் இருந்தது. அப்போது தூக்குவாளியோடு மருமகள் வாசலில் வந்து நின்றாள். அப்பனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாப்பிள்ளை அடி வாங்கிய மாடு மாதிரி தலையைத் தொங்கப் போட்டான்.

மெக்கானிக் தகட்டை அவன் கையில் திணித்தார். "நீயே விட்டுப் பாரு."

அவன் விட்டுப் பார்த்தான். "போகலையே மச்சான்."

"போகாது. சூட்டோட வச்சேன். ஆறினதும் பிடிச்சுக்கிச்சு. நீ நாப்பது இல்ல, நானூறு உதை உதைச்சிருந்தாலும் ஸ்டார்ட் ஆயிருக்காது."

"அப்ப அந்த சோக்கு...?"

"சோக்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான்தான்."

 மருமகள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு எப்ப மாமா தெரியும்?"

"முதல் நாளே தோணிச்சு."

"தெரிஞ்சேதான் நான் போட்டதைச் சாப்பிட்டீங்களா?"

 அவள் அப்பனின் கையைப் பிடித்தாள்.  அவன் தகட்டைப் பெஞ்சில் வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். அவள்தான் வாங்கி வைத்தாள்.

இருவரும் படி இறங்கியதும் மெக்கானிக் மூடியை மாட்ட எடுத்தார். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான்.

"மூடாதீங்க மச்சான். அப்படியே கிடக்கட்டும்."

எஞ்சினைத் திறந்து போட்டுவிட்டு ஒரு டீக்குக்கூட எழுந்து போகாத மனுஷன் அவர். உள்ளே தூசி ஒரு துளி விழுந்தால் கூடப் பொறுக்கமாட்டார். இன்று மூடியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தெருவில் லாரி போகும்போதெல்லாம் புழுதி உள்ளே வந்து எஞ்சின் மேல் படிந்துகொண்டிருந்தது.