முழுக்கைச் சட்டை

பனி காய்வதற்குள் பிடுங்கியாக வேண்டும். ஈரமண்தான் வேரை விட்டுக்கொடுக்கும். பாதியில் அறுந்தால், மிச்சத் தண்டிலிருந்து பார்த்தீனியக் களை மறுபடி தலைதூக்கும். இருட்டு பிரியும்போதே பன்னிரண்டு பெண்கள் அந்தப் பொட்டலில் வரிசையாகக் குனிந்துவிட்டார்கள். ஒருத்திக்கும் அடுத்தவளுக்கும் ஐந்து காலடி இடைவெளி. நெருங்கினால் பேச்சு வளரும் என்பது களையெடுப்பு வேலையை எடுத்திருந்த காண்ட்ராக்டரின் எண்ணம்.

வரிசையின் கடைசியில் வாயில்லாப்பூச்சி. மற்றவர்கள் வைத்த பெயர் அது. அவளுக்குப் பேசத் தெரியாமல் இல்லை. பேச ஆளில்லாமல் பழகிவிட்டது. அண்ணன் வீட்டில் அவளுக்குத் தனித் தட்டு, தனிப் பாய். அண்ணி முகம் சுளித்ததில்லை. தட்டைத் தரையில் வைத்துத் தள்ளிவிடுவாள், அவ்வளவுதான். "அத்தைகிட்டப் போகாதே, ஒட்டிக்கும்" என்று கேட்டுக் கேட்டு, அண்ணன் மகள் இப்போது வாசற்படியில் நின்றே சிரிக்கிறாள்.

காரணம் சட்டைக்குள் இருந்தது. செத்துப்போன அப்பாவின் முழுக்கைச் சட்டை. மணிக்கட்டில் பட்டன் போட்டால், முழங்கை வரை தடித்து வெடித்து நீர் கசியும் தோல் யார் கண்ணிலும் படாது. போன மழைக்காலத்தில் சொறிந்துகொண்டு நின்ற ஒருத்தியை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். எல்லாப் பெண்களும் ஆண்களின் பழைய சட்டையைத்தான் மாட்டியிருந்தார்கள். வெயிலுக்காக என்று அவள் நினைத்திருந்தாள்.

இந்த மண்ணில் பிறந்த செடி இல்லை அது. எங்கிருந்தோ தானிய மூட்டையோடு வந்ததாம். மாடு வாய் வைக்காது. அரிக்க ஒரு புழு இல்லை. பூ வைக்கும் முன் பிடுங்கினால் ஒழியும். செடி பூத்த பிறகே காண்ட்ராக்டர் ஆள் விட்டார். இழுக்கும்போதெல்லாம் மகரந்தம் முகத்தில் அப்பியது, விதை காலடியில் கொட்டியது. அடுத்த வருஷ வேலைக்கு இப்போதே விதைப்பு.

எட்டு மணிக்குத் தண்ணீர் டிரம் அருகே, வரிசையில் கண்ணாடி போட்ட ஒரே ஆளான கண்ணாடிக்காரம்மா கை கழுவச் சட்டைக் கையைச் சுருட்டினாள். பின்னால் காண்ட்ராக்டர் நின்றிருந்தார்.

"என்ன இது, சொறியா?"

"செடி பட்டுதான். கையுறை கேட்டு ஆறு மாசம் ஆச்சுங்க."

"மத்த பதினோரு பேருக்கும் வராதது உனக்கு மட்டும் எப்படி வரும்? உன் உடம்புல கோளாறு. கிளம்பு."

"உங்க செடியாலதான் வந்துச்சு."

"நானா அதைப் பெத்தேன்?"

"பெக்கல. வளர்க்கிறீங்க. பூத்த அப்புறம் ஆள் விட்டா அதுக்கு வேற என்ன பேரு?"

"வாய் நீளுது. போம்மா."

பதினோரு பேர். அதில் தானும் ஒருத்தி. பேசாமல் குனிந்துகொண்டால் வேலை நிலைக்கும். வேலை போனால் அண்ணன் வீட்டில் அந்தத் தரைத் தட்டும் இல்லை. வாயில்லாப்பூச்சி பட்டனைக் கழற்றினாள். துணி தோலோடு ஒட்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உரித்தாள்.

"எனக்கும் இருக்கு."

அவள் கை மட்டும் வெயிலில் நீட்டியபடி நின்றது. பிறகு எங்கோ ஒரு பட்டன் தெறித்தது. இன்னொன்று. சிவந்த கைகள், கறுத்த கைகள், கந்தல் சுற்றிய கைகள்.

"அடிப்பாவிங்களா! நான் மட்டும்தான்னு ரெண்டு வருஷமா செத்துக்கிட்டிருந்தேனே!" என்று ஒருத்தி சிரித்தாள், சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள்.

ஒருத்தியின் கை மட்டும் சுத்தமாக இருந்தது. அவளும் வந்து நின்றாள். "எனக்கு இல்ல. வரட்டும்னு காத்திருக்கணுமா?"

கண்ணாடிக்காரம்மா வாயில்லாப்பூச்சியின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். எரிந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவளை ஒருவர் தொட்டு எத்தனை மாதம் ஆயிற்று!

கையுறை, சோப்பு, டாக்டர். பூக்கும் முன்னால் வேலை. கேட்டது இவ்வளவுதான். "உங்களை விட்டா ஆளா இல்ல?" என்று காண்ட்ராக்டர் போனை எடுத்தார். பன்னிரண்டு பேரும் பூத்த செடிகளுக்கு முதுகு காட்டி, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள்.

மதியம் லாரி வந்தது. புது ஆட்கள் குதித்தார்கள். முதலில் இறங்கியவள் கொதிக்கிற வெயிலில் மணிக்கட்டு வரை பட்டன் போட்டிருந்தாள். இவர்களைப் பார்க்காமல் கடக்கப் பார்த்தாள்.

கண்ணாடிக்காரம்மா வாயைத் திறப்பதற்குள் வாயில்லாப்பூச்சி எழுந்து போனாள். சுருட்டிய சட்டைக் கையோடு வந்தவள் எதிரே நின்றாள்.

"அக்கா, பயப்படாதே," என்றாள். "உன் கையைக் காட்டு."