மோட்டார் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும்

1

இந்தக் கதை ஒரு பேச்சில் பிறந்தது. சாவு வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று நாலு பேர் கூடிப் பேசினார்கள். காலை ஒன்பது மணிக்கு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. இப்போது மணி பதினொன்றே முக்கால். இரண்டு மணிக்குச் சவப்பெட்டியை எடுக்கிறார்கள். அதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அப்படி என்ன அவசரம் என்று கேட்காதீர்கள். போகப் போக நானே சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

நான் தேயிலை எஸ்டேட் பாலர் பள்ளியில் ஆசிரியை. பிள்ளைகள் படம் வரைந்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் என் கதைகள் நாலைந்து வந்திருப்பதால் லயத்து வரிசை வீடுகளில் எனக்குக் கதைக்காரி என்று பேர். கதைக்காரிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எழுந்து ஓடிப் போய்ச் செய்ய வேண்டிய காரியம் வந்தால், உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிடுவாள்.

முதல் தொடக்கம்: "மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது." [அடித்துவிட்டேன். இங்கே பனி என்றைக்குத்தான் இறங்கவில்லை?]

இரண்டாம் தொடக்கம்: "ரூபன் செத்த மறுநாள் அவனுடைய மோட்டாரைக் கழுவினார்கள்." இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

ரூபன் செத்த மறுநாள் அவனுடைய மோட்டாரைக் கழுவினார்கள்.

ரூபனுக்கு வயது முப்பத்தாறு. திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டியவன். நேற்றுக் காலை முட்டைக்கோஸ் கூடைகளை ஏற்றி முடித்துவிட்டு, நெஞ்சு எரிகிறது என்று ஓரமாக உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. அவனுக்கு இருந்ததெல்லாம் கொழுந்து எடுக்கும் அம்மா வேலம்மாவும், இருநூற்றைம்பது சிசி ஸ்போர்ட்ஸ் மோட்டார் ஒன்றும்தான்.

குகனேஸ்வரன் அவனுடைய சிநேகிதன். எஸ்டேட் லோரி டிரைவர். இருவருக்கும் இடையே ஒரு வாக்கு இருந்தது. மோட்டார்க்காரன் ஒருவன் செத்தால் கூட்டாளிகள் வாசலில் பர்ன்அவுட் போட்டு வழியனுப்புவது இங்கே சில வருஷமாக வந்திருக்கும் பழக்கம். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எஞ்சினை அலறவிட்டு, கிளட்சைச் சட்டென்று விட வேண்டும். வண்டி நகராது. பின் சக்கரம் மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றும். டயர் தேய்ந்து வெள்ளைப் புகை கிளம்பும். ரூபனும் குகனும் பிரிஞ்சாங் கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் தின்றுகொண்டே ஒருநாள் இதைப் பேசி வைத்தார்கள். எவன் முன்னால் போகிறானோ, அவனுக்கு மற்றவன் போட வேண்டும். ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் பேசினார்கள்.

காலையில் குணாளன் அந்த மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். மோட்டார்க் கூட்டாளிகளுக்கு அவன்தான் தலைவன் மாதிரி. வண்டியின் முகம் கோயில் மேட்டைப் பார்த்திருந்தது. பின் சக்கரம் கூடாரத்தைப் பார்த்திருந்தது. கூடாரத்தில்தான் பெட்டியை வைக்கப் போகிறார்கள்.

"பின்பக்கம் இப்படி இருந்தா பொகை பூரா அவன் மூஞ்சிலதான் போய் அடிக்கும்," என்று யாரோ சொன்னார்கள். "திருப்பி வைங்க. அவன் மொகத்தப் பாத்துக் கும்பிடுற மாதிரி நிக்கட்டும்."

ராதாகிருஷ்ணன் மாமா பழைய கங்காணி. அவர் தலையாட்டினார். "சரியான பேச்சு. செத்தவனுக்கு மரியாத தெரிஞ்சவங்க பேசுற பேச்சு."

"மாமா, முன்னால ஆளுங்க உக்காந்திருப்பாங்களே," என்றான் குகன்.

"பயப்படாத லா," என்றான் குணாளன். "ஸ்லிப்பர் கிளட்ச் போட்ட மோட்டார் இது. பாயப் பாத்தாலும் கிளட்ச்சே எளகி விட்டுரும். ஒண்ணும் ஆவாது."

குகன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டான். நாலு பேர் சேர்ந்து வண்டியைத் திருப்பினார்கள். இப்போது அது பெட்டி வைக்கும் இடத்தை நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நடுவே பன்னிரண்டு அடி.

3

(இது அடிக்குறிப்பாகக் கீழே போயிருக்க வேண்டியது. ஆனால் கீழே போட்டால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். படிக்காவிட்டால் உங்களுக்குப் பயம் வராது. எனக்கு மட்டும் பயமாக இருந்தால் போதாது.

ஸ்லிப்பர் கிளட்ச் என்ன செய்யும் என்று ரூபனே ஒருமுறை விளக்கியிருக்கிறான். ரிங்லெட் வளைவுகளில் வேகமாக இறங்கும்போது மளமளவென்று கியரைக் குறைத்தால், பின் சக்கரம் எஞ்சினைத் தள்ளும். எஞ்சின் முரண்டு பிடிக்கும். சக்கரம் சிக்கித் துள்ளும். அந்த நேரத்தில் இந்தக் கிளட்ச் கொஞ்சம் இளகிக்கொடுத்துச் சக்கரத்தைக் காப்பாற்றும். அதன் வேலை அவ்வளவுதான். எஞ்சின் சக்கரத்தைத் தள்ளும்போது அது இளகவே இளகாது. பர்ன்அவுட்டில் எஞ்சின்தான் தள்ளுகிறது.

ஆகவே குணாளன் சொன்னது தப்பு. குகனுக்கு அது தெரியும். அந்த மோட்டார் பாயாமல் பிடித்து வைக்கப் போவது குகனுடைய வலது கையில் இருக்கும் இரண்டு விரல்கள் மட்டுமே. அதே கையின் மிச்ச விரல்கள்தான் த்ராட்டிலையும் முறுக்க வேண்டும்.)

4

மணி பன்னிரண்டு இருபது. குகனைக் கோழையாக எழுதிக்கொண்டிருக்கிறேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது. முதலில் அவனை முரட்டு ஆளாக எழுதிப் பார்த்தேன். "குகன் பயம் அறியாதவன்" என்று ஒரு வரி. [அடித்தாயிற்று. அவனை ஏழு வயதில் ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போனது யார்?]

உண்மையை எழுதுகிறேன்.

நாலு மாதத்துக்கு முன் கொழுந்து மூட்டை ஏற்றும்போது லோரியின் பின் கதவு குகனின் வலது கையில் விழுந்தது. எலும்பு முறியவில்லை என்று எக்ஸ்ரே எடுத்துச் சொன்னார்கள். வீக்கம் வடிந்தது. எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் பிறகு பழையபடி ஆகவில்லை.

இன்று காலை, மோட்டாரைத் திருப்பி வைத்த பிறகு, அவன் தன் அக்காவை வீட்டுக்குப் பின்னால் கூப்பிட்டான்.

"அக்கா, நான் கண்ண மூடிக்கிறேன். என் வெரல ஒண்ணொண்ணாத் தொடு. எதத் தொடுறன்னு நான் சொல்றேன்."

அக்கா சுண்டு விரலைத் தொட்டாள். "சுண்டு," என்றான். கட்டை விரலைத் தொட்டாள். "கட்ட." பிறகு ஆள்காட்டி விரலைத் தொட்டாள். அவன் இன்னும் காத்துக்கொண்டிருந்தான். அவள் அழுத்தினாள். நகத்தால் கிள்ளினாள். நகம் பதிந்து பிறை மாதிரி சிவந்தது.

"தொடேன்க்கா," என்றான் அவன், கண்ணை மூடியபடியே. "ஏன் சும்மா நிக்கிற?"

அவள் அழுதுவிட்டாள். அவன் கண்ணைத் திறந்து தன் விரலைப் பார்த்தான்.

"கண்ணால பாத்தாத்தான் பிடிச்சிருக்கான்னு தெரியுது. குளுருன்னா இன்னும் மோசம்."

"எத்தன நாளாடா?"

"அன்னிக்கிலேருந்தே."

"இதோடதான் லோரி ஓட்டுறியா?"

"லோரிக்கு பிரேக்கு கால்ல தானேக்கா. கால் நல்லாத்தான் இருக்கு." சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "பொகையில வெரலு தெரியாது. அதான் பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு."

"அப்ப வேணாம்னு சொல்லிரு."

"எப்படிச் சொல்றது? வேலம்மா அத்த வந்து கையப் பிடிச்சுக்கிட்டாங்க. 'நீதான்யா போடணும், அவன் வண்டி சத்தத்த ஒருவாட்டி கேட்டுட்டு அனுப்பிடுறேன்'னாங்க. இந்த ரெண்டு வெரலத்தான் பிடிச்சிருந்தாங்க. எனக்கு அதுவே தெரியல." பிறகு குரலைத் தாழ்த்தினான். "யார்கிட்டயும் சொல்லிராத. ஆபீஸ் கிராணி காதுல விழுந்தா லோரி போயிரும். லோரி போனா வீடு போயிரும். ரூபினிக்கு இது ஏழாம் மாசம்."

ரூபினி அவனுடைய மனைவி. நேற்றிலிருந்து வேலம்மாவின் பக்கத்தைவிட்டு அவள் நகரவில்லை.

5

மணி ஒன்று. பறை தொடங்கிவிட்டது. மூன்று வீடு தள்ளித்தான். மேசை அதிர்கிறது. முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

விரல்கள் பிடித்துக்கொள்கின்றன. புகை கோயில் மேட்டுப் பக்கம் போகிறது. வேலம்மா கையெடுத்துக் கும்பிடுகிறாள். பத்திரிகைக்காரர்களுக்கு இந்த முடிவுதான் பிடிக்கும். நடக்கவும் கூடும், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இப்படியே நடக்கலாம். மிச்சம் இருக்கிற பத்துக்காகத்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அல்லது மழை பெய்கிறது, எல்லாம் சீக்கிரமாக முடிக்கப்படுகிறது, மோட்டாரைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுகிறார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். தேவையில்லாத நாளெல்லாம் பெய்கிற மழை இன்று எங்கே போய்த் தொலைந்ததோ. நல்ல வெயில்.

அல்லது குகன் சாவியைக் குணாளனிடம் கொடுத்துவிடுகிறான். இதை அரைப்பக்கம் எழுதினேன். குணாளன் "ஏன் லா?" என்று கேட்கிறான். ராதாகிருஷ்ணன் மாமாவும் கேட்கிறார். குகன் தரையைப் பார்க்கிறான். அவனால் பொய் சொல்ல முடியாது. [அரைப்பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.]

இடது கை இருக்கிறதே என்று உங்களில் மோட்டார் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். நியாயம்தான். இடது கை நன்றாக இருக்கிறது. கிளட்சை இழுத்துவிட்டால் சக்கரம் நின்றுவிடும். ஆனால் வலது விரல்கள் நழுவிவிட்டன என்று இடது கைக்கு யார் சொல்வது? வண்டி கிளம்பிய பிறகுதான் அவனுக்கே தெரியும். பன்னிரண்டு அடி என்பது அதற்கு ஒரு மூச்சு நேரம்கூட இல்லை.

கடைசி முடிவு: பெட்டிக்குப் பின்னால் நாற்காலியில் வேலம்மா. அவள் தோளைப் பிடித்தபடி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு ரூபினி. புகைக்குள் எஞ்சின் சத்தம் திடீரென்று மாறுகிறது, முன் சக்கரம்

இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.

6

ஒன்று இருபத்தைந்து. எழுதியதை முதலிலிருந்து படித்தேன். இரண்டாம் பகுதியில் "யாரோ சொன்னார்கள்" என்று இருக்கிறது. இந்தக் கதையில் எல்லோருக்கும் பேர் கொடுத்திருக்கிறேன். மோட்டாரைத் திருப்பச் சொன்ன ஆளுக்கு மட்டும் கொடுக்கவில்லை. நல்ல வாசகர்கள் இதற்குள் பிடித்திருப்பார்கள்.

சொன்னவள் நான். உமாதேவி. குகனின் அக்கா. நாலாம் பகுதியில் வருகிற அந்த அக்காவும் நான்தான். என் தம்பியின் விரலைக் கிள்ளிய நகம் இதோ இந்தப் பேனாவைப் பிடித்திருக்கிறது.

புகை முகத்தில் அடிக்கும் என்று சொன்னபோது நான் ரூபனை மட்டும் நினைத்துத்தான் சொன்னேன் என்று எழுத ஆசை. அதில் பாதிதான் உண்மை. பத்துப் பேர் நடுவில் நல்ல வார்த்தை ஒன்று சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. மாமா எல்லோர் முன்னாலும் பாராட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இப்போது போய் "நான் சொன்னது தப்பு, மறுபடியும் திருப்புங்கள்" என்றால் ஏன் என்று கேட்பார்கள். சும்மா திருப்ப மாட்டார்கள், செத்தவன் முகத்தில் புகையடிக்கிற காரியம். விரலைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

விரலைச் சொன்னால் லோரி போகும், வீடு போகும். அந்த வீட்டில் இந்தச் சின்ன அறை என்னுடையது. கல்யாணம் ஆகாத அக்காவுக்கு எஸ்டேட்டில் தனியாக வீடு தர மாட்டார்கள். தம்பிக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு மணி நேரமாக எனக்கே கதை சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த அறையையும் இந்த மேசையையும் விட்டுப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. அவனுக்கு இருக்கிற பயம் வேறு. அவனுடைய பயம் மற்றவர்களைப் பற்றியது.

(இந்தப் பத்தியைக் கொஞ்சம் நன்றாக எழுதியிருக்கலாம். திருத்த உட்கார்ந்தால் நேரம் போய்விடும். அதுதான் என் வியாதி என்று முதலிலேயே சொன்னேன்.)

7

ஒன்று ஐம்பது. பறை நின்றுவிட்டது. பெட்டியை வெளியே கொண்டுவருகிறார்கள் போலிருக்கிறது, வேலம்மாவின் குரல் கேட்கிறது.

குணாளன் கத்துகிறான்: "எல்லாரும் முன்னால வாங்க! பின்னால நிக்காதீங்க, பொகை வரும்!"

முன்னால் வரச் சொல்கிறான். புகை படாமல் இருக்க எல்லோரும் மோட்டாருக்கு முன்னால் வந்து நிற்கப் போகிறார்கள். இதை நான் யோசிக்கவில்லை. கதைக்காரிக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

ஜன்னல் வழியாகக் குகனின் முதுகு தெரிகிறது. மோட்டாரில் ஏறி உட்கார்ந்துவிட்டான். தலையைக் குனிந்து வலது கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மற்றவர்களுக்கு அவன் சாமி கும்பிடுகிற மாதிரி தெரியும். என்ன பார்க்கிறான் என்று இந்த லயத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும், ஆனால் நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து கத்தினால் இங்கே கேட்காது.

எஞ்சின் கிளம்பிவிட்டது.

இங்கிருந்து வாசலுக்கு மூன்று வீடு. ஓடினால் முப்பது எண்ணுவதற்குள் போய்விடலாம். இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப் போவதில்லை. வேண்டிய முடிவை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தால், நான் எழுந்து ஓடவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.