நாட்காட்டிக் கோப்பை எழுதியவன்

இணையத்தளம் கட்டுவதற்கான எங்கள் இலவச மென்பொருள் ‘ஓடம்’. அதை லினக்ஸ் களஞ்சியத்தில் சேர்க்க இரண்டு வருடம் உழைத்தேன். சேர்ந்துவிட்டால் யாரும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். இம்முறைக்கான வாசல் அன்று சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மூடுகிறது. தவறினால் இன்னும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்.

மூன்றரைக்குச் சரிபார்ப்பவரின் பதில் வந்தது. எல்லாம் சரியாம், ஒன்றைத் தவிர. ஓடத்தில் உள்ள நாட்காட்டிக் கோப்பை யார் எழுதியது, மற்றவர்கள் பயன்படுத்த அனுமதி உண்டா என்று அதில் ஒரு வரிகூட இல்லையாம். எழுதியவரின் அனுமதி எழுத்தில் வேண்டுமாம்.

அந்த வரி இருந்தது. அழித்தது நான்தான். எழுதியவன் எங்கள் குழுவில் இருந்த றொஷான். மூன்று வருடத்துக்கு முன் என் திருத்தத்தை எல்லார் முன்னாலும் குப்பை என்றான். எனக்குக் கோபம் மூக்கின் மேல். அன்றே அவனைக் குழுவிலிருந்து விலக்கினேன், அவன் பெயரிருந்த வரிகளை அழித்தேன், அவன் மின்னஞ்சல்கள் கண்ணில் படாமல் வேறு பெட்டிக்குப் போகும்படி செய்தேன்.

இப்போது என் பெயரைப் போட்டால் யாரும் துருவப் போவதில்லை. ஜதுர்ஷிகா தியாகராஜா என்று தட்டியும்விட்டேன். பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது. அழித்தேன். தன் கல்யாணத்துக்குக்கூட என்னைக் கூப்பிடாதவனிடம் போய் நிற்பதா என்று வீம்பு ஒருபக்கம். ஆனாலும் அழைத்தேன். அவன் மனைவி மரினாதான் எடுத்தாள். போனை வீட்டிலேயே விட்டுவிட்டு லூயிஷாம் சேர்ச் மண்டபத்துக்குப் போய்விட்டாராம். என் பெயரைக் கேட்டதும் குரல் இறுகிவிட்டது.

பாதை வேலையென்று ரயில் இல்லை. விம்பிள்டனில் இருந்து இரண்டு பஸ் மாறினேன். ஒவ்வொரு சிவப்பு விளக்கையும் மனதுக்குள் திட்டினேன். மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஐந்து நாற்பது.

றொஷான் மறுநாள் பிள்ளைகளின் முதல்நன்மைச் சடங்கு விருந்துக்குக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தான். மூச்சிரைக்கச் சொல்லி முடித்தேன். அவன் கையிலிருந்த கதிரையைக் கீழே வைக்கவில்லை.

“என்ரை பேரை ஏன் எடுத்தனி?”

“கோவத்தில.” பொய் எதுவும் வாயில் வரவில்லை.

“அண்டைக்கே உனக்கு மெயில் போட்டனான். பேர் இல்லாட்டிப் பாவிக்கிற சனத்துக்குப் பிரச்சினை வருமெண்டு அனுமதியை எழுதித்தான் போட்டனான். நீ பாக்கேல்லையோ?”

தரையிலேயே உட்கார்ந்து போனில் அந்த மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தேன். பதினொரு கடிதங்கள். முதலாவதில் அனுமதி இருந்தது, முறைப்படி, தேதியோடு. கீழே, குப்பை என்றது தன் பிழை என்றும் எழுதியிருந்தான். வெட்கத்தில் எழுத்துகள் கலங்கின.

கடிதத்தை இணைத்து, எழுதியவர் என்ற இடத்தில் றொஷான் யேசுரட்ணம் என்று தட்டி அனுப்பும்போது ஐந்து ஐம்பத்திரண்டு. ஐம்பத்தெட்டுக்கு ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த கதிரையைத் தூக்கினான்.

மற்றக் கடிதங்களைத் திரும்பும் பஸ்ஸில் வாசித்தேன். கடைசியில் இருந்தது அவர்களின் கல்யாண அழைப்பிதழின் படம். கட்டாயம் வா, முன் வரிசையில் உனக்கொரு கதிரை பிடித்து வைத்திருப்போம் என்று அடியில் மரினா தன் கையால் எழுதியிருந்தாள்.