பதில் வராவிட்டால் போகலாம்

மழையில் திண்டிவனம் பக்கம் செல்போன் எல்லாம் செத்துப்போயிருந்தது. வெள்ளத்தில் ஆட்களை மீட்கப் போனவர்களுக்கு எங்கள் குழுவின் வாக்கி டாக்கிதான் கதி. அவர்கள் பேசுவதைப் பிடித்துப் பலமாகத் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர், மொட்டைமாடி அறையில் இருந்தது. அதற்குக் காவல் நானும் வேணியும்.

மதியம் பார்த்து அந்தச் சனியன் பிடித்த டிரான்ஸ்மிட்டர் படுத்துவிட்டது. இருபத்தைந்து வாட் வர வேண்டிய இடத்தில் எட்டு. ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு டம்மி லோடை மாட்டினேன். சிக்னலை வெளியே விடாமல் சூடாக்கித் தின்றுவிடும் பெட்டி அது. டியூன் பண்ணும்போது அப்படித்தான் செய்வோம். ரிசீவருக்குத் தனி ஆன்டெனா, அது பாட்டுக்கு ஓடியது. திருகைத் திருப்பித் திருப்பி மீட்டர் முள்ளை இருபத்தைந்துக்கு ஏற்றினேன்.

வேணி படியேறி ஓடிவந்தாள். "அண்ணே, மேலண்டை ஏரி உடைச்சிக்கிச்சாம்! தண்ணி ஓமந்தூர் தரைப்பாலத்துக்குத்தான் வருதாம்!"

என் அக்கா புருஷன் சிக்கந்தர் டிராக்டரில் ஜனங்களை ஏற்றிக்கொண்டு அங்கேதான் வந்துகொண்டிருந்தார். அக்கா சபியாவும் அதில் இருந்தாள்.

ஸ்பீக்கர் கரகரத்தது, மச்சான்தான். "ஜகபரு, பாலத்தாண்ட வந்துட்டோம். வண்டி போவாது. ஜனங்கள நடக்க வுடலாமா?"

டிரான்ஸ்மிட்டர் மைக்கின் பட்டனை அழுத்தினேன். "வாணாம் மச்சான்! ஏரி உடைஞ்சிடுச்சி!"

மீட்டர் முள் ஜம்மென்று இருபத்தைந்தில் நின்றது. ஸ்பீக்கர் மறுபடி கரகரத்தது.

"ஜகபரு? தண்ணி முழங்காலு கூட இல்லடா."

தொண்டை கிழியக் கத்தினேன்.

"சரி, ஒண்ணும் சொல்லல. நடங்க, நடங்க" என்று அவர் அங்கே சொல்வது கேட்டது.

பேட்டரி மிச்சம் பிடிக்க நாங்களே வைத்த ஏற்பாடு அது. ஆபத்து என்றால் மட்டும் பேசுவோம், பதில் வராவிட்டால் போகலாம். நாசமாய்ப் போக, எந்த மடையன் யோசனையோ!

மேசையைப் பிடித்த கையில் சுரீரென்று சுட்டது. டம்மி லோடு. கேபிளை மாற்றவே இல்லை! நான் கத்தியதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே வெந்துபோயிருந்தது.

அவசரத்தில் ஆன்டெனா கேபிளின் திருகு பிடிக்கவில்லை. வேணி பிடுங்கி முடுக்கினாள்.

"மச்சான்! வாணாம்! ஏரி உடைஞ்சிடுச்சி!"

"அய்யோ, உங்க அக்கா முன்னால போயிட்டாளேடா!"

பட்டனை அழுத்தியபடியே அவர் ஓடினார். "சபியா! திரும்புடி! எல்லாம் திரும்புங்க!" பின்னால் தண்ணீரின் இரைச்சல் ஏறிக்கொண்டே வந்தது. சட்டென்று எல்லாம் அறுந்தது.

யா அல்லா, யா அல்லா என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் வரவில்லை. வேணி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஜகபரு." அக்காவின் குரல். மூச்சு வாங்கியது. "எல்லாரும் கரையேறிட்டோம். பாலம் இல்லடா இப்ப. பாவி, இவ்ளோ நேரம் எதுக்குடா கம்முனு இருந்த?"

பட்டனை அழுத்தினேன். அழுகைதான் வந்தது. அது அவளுக்குக் கேட்டது.