பாதி நன்மை

சாமியாரின் பைக் சத்தம் வாசலில் கேட்டபோது சுமலதா மாமனார் இன்னாசியின் கடைவாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியை அவசரமாக மடித்துத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு, கட்டிலுக்குக் கீழே இருந்த மூத்திரக் குடுவையைக் காலாலேயே உள்ளே தள்ளினாள். ஸ்டூலின் மேல் வெள்ளைத் துணி, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர் எல்லாம் வைத்தாயிற்று. வைத்தது எழிலரசி. இன்னாசியின் மூத்த மகள், சுமலதாவின் புருஷனுக்கு அக்கா. அரூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கியவள் அதற்குள் வீட்டைப் பெருக்கி, வந்திருந்தவர்களை அதட்டி, தம்பி கலைவாணனை வேறு சட்டை மாற்ற வைத்திருந்தாள். அவள் இறங்கி வேலை செய்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கையைப் பிசைவதைத் தவிர வேறு வேலை இருக்காது.

"சுமா, அப்பா தலையத் தூக்கிப் புடி. ஃபாதர் வந்துட்டாரு."

சுமலதா தலைமாட்டில் உட்கார்ந்து இன்னாசியின் கழுத்தைத் தன் கைமேல் ஏந்திக்கொண்டாள். பாலக்கோட்டு மார்க்கெட்டில் தக்காளிக் கூடையை ஒற்றைக் கையால் தலைக்கு ஏற்றிய மனுஷன். இப்போது காலிக் கூடை கனம்கூட இல்லை. வாதம் வந்து இடது பக்கம் விழுந்ததிலிருந்து அவருக்குச் சோறு ஊட்டுவது சுமலதாவின் வேலையாக இருந்தது. எதைக் கொடுத்தாலும் பாதிதான் தின்பார். இட்லியானாலும் ரஸ்க்கானாலும் மீதியை வலது கையால் எடுத்து அவள் கையில் வைத்து, "போதும், நீ தின்னு" என்பார். பேச்சு குழறிப்போன பிறகும் அந்த மூன்று வார்த்தை மட்டும் தெளிவாக வரும். அவளும் கட்டில் ஓரத்தில் நின்றபடியே அதை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த வேலைக்குப் போவாள். எச்சில் என்றால் முகத்தைச் சுளிக்கும் எழிலரசிக்கு இதைப் பார்க்கவே பிடிக்காது.

சாமியார் இளைஞர். நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினார். பிறகு சிமிழைத் திறந்து வெள்ளை அப்பத்தை எடுத்தார். அதை அந்த ஊரில் நன்மை என்றுதான் சொல்வார்கள். நன்மை வாங்குவது என்பது மாதா கோயிலில் வரிசையில் போய் அதை நாவில் ஏற்றுக்கொள்வது. சுமலதாவுக்கு அந்த வார்த்தை தெரிய வந்த விதத்தை நினைத்தால் இன்றும் காது சூடாகும்.

அவளுடைய வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், பெருமாளைக் கும்பிடுவார்கள். மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றி வந்த மினி லாரியை ஓட்டிய கலைவாணனைப் பிடித்துப்போய், ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு வந்தவள். முதல் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் எழுந்து வரிசையாகப் போனபோது, பிரசாதம் தருகிறார்கள் என்று அவளும் வலது கையை நீட்டிக்கொண்டு நடந்தாள். பாதி தூரத்தில் யாரோ முழங்கையைப் பிடித்தார்கள். திரும்பினால் மாமனார். "உனக்கு இல்லம்மா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பெஞ்சுகளில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவள் கடைசி பெஞ்சு.

அன்று சாயங்காலம் அவள் விடவில்லை. மனுஷன் ஜெபம் சொல்லும்போதெல்லாம் பழைய பாஷையில் இஷ்டப்பிரசாதம், இஷ்டப்பிரசாதம் என்கிறாரே.

"நீங்க கும்புடறப்ப சொல்றீங்களே மாமா, இஷ்டப்பிரசாதம்னு. அதுவும் எனக்குக் கெடையாதா?"

"அது சாமியாரு குடுக்கறதில்ல. ஆண்டவரு குடுக்கற அருளு."

"அதுக்கு என்னா பண்ணணும்?"

"ஒன்னும் பண்ண முடியாது. பண்ணி வாங்குனா அது கூலி. அவரு இஷ்டத்துக்குக் குடுக்கறாரு, அதான் இஷ்டப்பிரசாதம்."

நல்ல சாமிதான் என்று நினைத்துக்கொண்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். ஞானஸ்நானத்துக்கு வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். போனாள். நடுவில் அறுவடை வந்தது, அப்புறம் வயிற்றில் பிள்ளை வந்தது. பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம் என்றே வருஷங்கள் ஓடிப்போயின. யாரும் வற்புறுத்தவில்லை, அவளும் கேட்கவில்லை.

சாமியார் நன்மையை இன்னாசியின் நாவில் வைத்தார். ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டார். எல்லாரும் முழங்காலில் இருந்து கண்களை மூடிக்கொண்டார்கள். சாமியார் ஸ்டூல் பக்கம் திரும்பிச் சிமிழைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெபம் தெரியாததால் சுமலதா ஒருத்திதான் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். இன்னாசியின் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது அவள் கையில் தெரிந்தது. பிறகு அவருடைய வலது கை மெல்ல எழுந்து வாய்க்குப் போனது. நனைந்த பாதி அப்பத்தை எடுத்தது. அவள் உள்ளங்கையில் வைத்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

பழகிய கை. அது நேராக வாய்க்குப் போய்விட்டது. அப்பம் அண்ணத்தில் ஒட்டிய பிறகுதான் தான் செய்தது என்னவென்று அவளுக்கு உறைத்தது. ருசி என்று ஒன்றும் இல்லை. துப்பவும் முடியாது, விழுங்கவும் பயம். விழுங்கினாள்.

கண்ணைத் திறந்த எழிலரசி முதலில் பார்த்தது அவள் தாடை அசைவதைத்தான்.

"என்னா மெல்லற?"

சுமலதா பதில் சொல்வதற்குள் இன்னாசியின் மூச்சு மாறிவிட்டது. ஒன்று பெரிதாக வந்தது, அடுத்தது வர நேரமாயிற்று. பிறகு வரவில்லை. கலைவாணன் அப்பா அப்பா என்று காலைப் பிடித்தான். சாமியார் மறுபடி பக்கத்தில் வந்து நின்று ஜெபத்தைத் தொடர்ந்தார். அவள் கையில் இருந்த தலையை வாங்கி எழிலரசிதான் தலையணையில் வைத்தாள்.

ஆண்கள் உடம்பைக் கழுவுவதற்குத் தண்ணீர் பிடிக்க சுமலதா பின்பக்கத் தொட்டிக்குப் போனாள். எழிலரசி பின்னாலேயே வந்தாள்.

"அப்பா வாயில இருந்தத எடுத்துத் தின்னியா?"

"எடுக்கல அண்ணி."

"அப்பறம் எப்படி வந்துது உன் வாய்க்கு?"

சுமலதா குழாயைத் திறந்து குடத்தை அடியில் வைத்தாள். அவரே எடுத்துக் கொடுத்தார் என்றால், சாகிற நேரத்தில் அப்பா நன்மையை வேண்டாமென்று துப்பிவிட்டார் என்றாகும். ஒன்றும் சொல்லாவிட்டால் அவள் திருடி. குடம் நிரம்பி வழிந்தது.

"ஒரு ஞாயித்துக்கெழம பூச தவறவிட்ட மனுசன் கெடையாது. கடேசி நன்மை இல்லாம அனுப்பிட்டியே சுமா." எழிலரசி தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது.

பெட்டியில் வைத்த பிறகு வீட்டு ஜெபத்துக்குச் சாமியார் திரும்ப வந்தார். எழிலரசி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். கலைவாணன், "விடுக்கா, இப்ப எதுக்கு" என்றான். அவள் விடவில்லை.

"அப்பா நன்மை வாங்குனாரா இல்லீங்களா ஃபாதர்?"

சாமியாருக்கு முகம் வேர்த்தது. "நான் நாக்குல வச்சேம்மா. வாயத் தெறந்து வாங்குனாரு. முழுங்குனாரான்னு தலையப் புடிச்சிருந்தவங்களத்தான் கேக்கணும்."

எல்லாரும் சுமலதாவைப் பார்த்தார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகள் திரும்பியது போலவே இருந்தது. இந்த முறை முழங்கையைப் பிடிக்க மாமனார் இல்லை.

"முழுங்குனாருங்க," என்றாள். "தொண்ட எறங்குனது என் கையில தெரிஞ்சிது. ஆனா பாதிதான். மீதிய எடுத்து என் கையில வச்சாரு. நெதமும் வைக்கற மாதிரிதான் வச்சாரு. நான் யோசிக்கலைங்க, வாயில போட்டுக்கிட்டேன்."

"எதுனா சொன்னாரா?" என்றாள் எழிலரசி.

"வாயசைச்சாரு. சத்தம் வரல அண்ணி."

என்ன சொல்லியிருப்பார் என்று அந்த வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எழிலரசி பெட்டியில் இருந்த அப்பாவின் வலது கையைப் பார்த்தாள். ஜெபமாலையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

கலைவாணன் தயங்கிக் கேட்டான். "இவளுக்கு எதுனா பாவமாங்க ஃபாதர்?"

"ஞானஸ்நானம் இல்லாதவங்க நன்மை வாங்கக் கூடாது. அது திருச்சபைச் சட்டம்," என்றார் சாமியார். நிறுத்தினார். "ஆனா இவங்க வாங்கப் போகலியே." புத்தகத்தைப் புரட்டிப் பக்கத்தைத் தேடினார்.

கோயிலில் அடக்கப் பூசை நடந்தது. நன்மை நேரத்தில் எல்லாரும் வரிசையில் போனார்கள். சுமலதா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சிலர் போகிற போக்கில் அவளைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது. சாவு வீட்டில் சந்தோஷமா என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. நாக்கால் அண்ணத்தைத் தடவிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்து குளித்து முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அடுப்பு பற்ற வைக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டு ராமக்கா இட்லி கொண்டுவந்து வைத்திருந்தாள். உறவுக்காரர்கள் சாப்பிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்கள். எழிலரசி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. சுமலதா ஒரு தட்டில் இட்லி வைத்துக் கொடுத்தாள். எழிலரசி அதை வாங்கிக்கொண்டு, துணிகளை எடுத்துவிட்ட வெறும் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். சுமலதா வழக்கம்போலத் தலைமாட்டுப் பக்கம் நின்றாள்.

ஒரு இட்லியைப் பிய்த்துப் பிய்த்துப் பாதி தின்றாள் எழிலரசி. அப்புறம் நிறுத்திவிட்டாள். மீதிப் பாதியை எடுத்து, முகத்தைத் திருப்பாமலே, சுமலதா பக்கம் நீட்டினாள்.

"போதும். நீ தின்னு."

சுமலதா உள்ளங்கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். எழிலரசி கட்டிலில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.